வெளிவராத போனுக்குக் கடையில் முன்பணம் கட்டும் முன்

ஒரு பெரிய நிறுவனத்தின் அடுத்த மாடல் பற்றிய செய்தி கசியத் தொடங்கிய உடனேயே நம் ஊர் மொபைல் கடைகளின் வாசலில் "முன்பதிவு நடைபெறுகிறது" என்ற பதாகை ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் விலை அறிவிக்கப்பட்டிருக்காது, எந்தெந்தச் சேமிப்பக அளவுகள் இந்தியாவுக்கு வரும் என்பதும் தெரிந்திருக்காது. ஆனாலும் ஆயிரக்கணக்கில் முன்பணம் வாங்கிக்கொள்ளப்படும். திருச்சியில் உள்ள ஒரு கடையில் அப்படி 5,000 ரூபாய் கட்டியதைத் தொடர்ந்து எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை, அடுத்த மாடலுக்காகக் காத்திருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. போன் நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை, ஏனெனில் குறை அவர்களிடம் இல்லை.

போன் என் அக்கா மகனுக்கு. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தோடு என் பங்கையும் சேர்த்து வாங்குவதாக ஏற்பாடு. கடையில் இருந்த விற்பனையாளர், "ரிலீஸ் அன்னைக்கு முதல் பீஸ் உங்களுக்குத்தான் சார், ஆஃபர் எல்லாம் புக்கிங் பண்ணவங்களுக்கு மட்டும்தான்" என்று உறுதியாகச் சொன்னார். என்ன ஆஃபர் என்று கேட்டதற்கு, வங்கித் தள்ளுபடி, பழைய போனுக்குக் கூடுதல் மதிப்பு, இலவச இயர்பட்ஸ் என்று அடுக்கினார். பழைய போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு 12,000 ரூபாய் போகும் என்றும் சொன்னார்.

பணத்தை யுபிஐ மூலம் செலுத்தியபோது திரையில் கடையின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் வந்தது. "ஓனரோட அக்கவுண்ட்தான் சார்" என்றார்கள். கொடுக்கப்பட்ட சீட்டில் ஜிஎஸ்டி எண் கிடையாது. மாடல் என்ற இடத்தில் வரிசையின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது; எத்தனை ஜிபி, என்ன நிறம், என்ன விலை என்பவை காலியாக விடப்பட்டிருந்தன. நிரப்பித் தரும்படி கேட்டதற்கு, கம்பெனியே இன்னும் அறிவிக்காததை நாங்கள் எப்படி எழுதுவது என்ற பதில் வந்தது. கேட்பதற்கு அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எதை விற்கிறோம் என்று எழுத முடியாத ஒருவர் எதற்காகப் பணம் வாங்குகிறார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. சீட்டின் பின்பக்கத்தில், மங்கிய மையில், முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சிடப்பட்டிருந்தது.

நிறுவனம் அதிகாரப்பூர்வமாக மாடலை அறிவித்து, தன் இணையதளத்திலும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையகங்களிலும் முன்பதிவைத் தொடங்கிய பிறகுதான் உண்மை நிலவரம் புரிந்தது. நிறுவனத்தின் சலுகைகள் அனைத்தும், குறிப்பிட்ட தேதிகளுக்குள் அதன் கணினி அமைப்பில் பதிவான முன்பதிவுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று விதிமுறைகளில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. "மாமா, அவங்க ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா எனக்கு மெசேஜ் வந்திருக்கணுமே" என்று அக்கா மகன் கேட்ட பிறகு கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். எல்லாம் போட்டாயிற்று, மெசேஜ் தாமதமாகும் என்றார்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் விசாரித்தபோது, அவனுடைய கைபேசி எண்ணில் எந்தப் பதிவும் இல்லை என்பது உறுதியானது. கடை செய்த 'புக்கிங்' என்பது ஒரு நீளமான நோட்டில் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டது மட்டுமே. அதைச் சுட்டிக்காட்டி, பதிவு செய்தார்களா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டோம். அதற்குக் கட்டைவிரல் குறி ஒன்று மட்டும் பதிலாக வந்தது. சலுகைக் காலம் முடிந்துபோயிற்று.

விற்பனை தொடங்கிய நாளில் நாங்கள் கேட்ட 128 ஜிபி வரவில்லை, 256 ஜிபி மட்டும் இருக்கிறது என்றார்கள். அதையும் தனியாகத் தர முடியாது. கவர், திரைக்கண்ணாடி, சார்ஜர், திரை உடைந்தால் மாற்றித் தரும் காப்புத் திட்டம் ஆகியவை சேர்ந்த 4,500 ரூபாய் 'காம்போ' ஒன்றையும் எடுத்தால்தான் தருவோம் என்றார்கள். இந்தக் காம்போவின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளிட்டது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். தமிழ்நாட்டில் அதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறையின் கீழ் வரும் எடையளவுப் பிரிவு. கிராக்கி உள்ள பொருளை நேரடியாகக் கூடுதல் விலைக்கு விற்க முடியாது என்பதால், கூடுதல் தொகை கவராகவும் கண்ணாடியாகவும் வேடமிட்டு வருகிறது. ஆனால் ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(41)இல் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. இதைச் சொன்னபோது மேலாளர், "அப்படின்னா ஸ்டாக் வரும்போது சொல்றோம்" என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

ஸ்டாக் வந்தது, பல வாரங்கள் கழித்து. இம்முறை 128 ஜிபி, காம்போ கட்டாயமில்லை. ஆனால் முதலில் 12,000 ரூபாய் மதிக்கப்பட்ட பழைய போனுக்கு இப்போது 7,500 தான் என்றார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பெட்டியில் இருந்தது. அதன் முத்திரைப் பட்டை ஒரு முறை கிழிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டதுபோல் தெரிந்ததால், மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், பெட்டியில் அச்சிட்டிருந்த ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணை, நிறுவனத்தின் உத்தரவாதச் சோதனைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். உத்தரவாதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதாவது அந்தப் போன் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே யாராலோ இயக்கப்பட்டிருக்கிறது. டெமோவுக்காகத் திறந்ததாக ஒருவரும், மாத இலக்கைக் காட்டுவதற்காகச் சில போன்களை முன்கூட்டியே ஆக்டிவேட் செய்வது வழக்கம்தான் என்று இன்னொருவரும் விளக்கம் கொடுத்தார்கள். எந்த விளக்கம் உண்மையானாலும், புதுப் பொருளுக்கான முழு விலையில், உத்தரவாதம் கரைந்துகொண்டிருக்கும் ஒரு போனை விற்க முயன்றார்கள் என்பதில் மாற்றமில்லை. போன் வேண்டாம், முன்பணத்தைக் கொடுங்கள் என்றதும் சீட்டின் பின்பக்கம் காட்டப்பட்டது. வேண்டுமானால் வேறு பொருளில் கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் காட்டிய அதிகபட்சத் தாராளம்.

இதில் நான் எல்லோரையும் யோசிக்கக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அறிவிப்புக்கு முன்பே கடையில் பணம் கட்டுவதால் வரிசையில் நமக்கு உண்மையில் ஓர் இடம் கிடைக்கிறதா? ஆப்பிள் நிறுவனம் 2025 செப்டம்பர் 9 அன்று ஐபோன் 17 வரிசையை அறிவித்து, 12ஆம் தேதி முன்பதிவைத் தொடங்கி, 19ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலையும் வகைகளும் வெளிப்படையாகத் தெரிந்த பிறகு முன்பதிவுக்கென்று முழுதாக ஒரு வாரம் இருந்தது. சாம்சங் போன்ற நிறுவனங்கள் அறிவிப்புக்கு முன்பே ஒரு சிறு தொகைக்கு முன்னுரிமை தருவதுண்டு. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு 1,999 ரூபாய் வாங்கப்பட்டது. ஆனால் அது நிறுவனமே தன் பெயரில் வாங்கி, கணக்கில் ஏற்றி, வாங்காதவர்களுக்குத் திருப்பித் தரும் தொகை. கடை நோட்டில் எழுதப்படும் பெயருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வெளிவராத போனைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் தகவல்களும் ஊகங்களே. அதே எஸ்24, எஸ்24 பிளஸ் போன்கள் போனை இயக்கும் முதன்மைச் சிப்பாக அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனோடும் இந்தியாவில் எக்ஸினோஸோடும் வந்தன. வெளிநாட்டு விமர்சனக் காணொளிகளைக் காட்டி விற்பவர்களிடம் பணம் கட்டியவர்களுக்கு அந்த வித்தியாசம் அறிவிப்புக்குப் பிறகுதான் உறுதியாகத் தெரிந்திருக்கும். பெட்டியில் சார்ஜர் இருக்குமா என்ற எளிய கேள்விக்குக்கூட அறிவிப்புக்கு முன் நம்பத்தக்க விடை கிடையாது.

அறிவித்த பிறகும் போன் வராமலே போவதும் உண்டு. 2016 ஆகஸ்டில் இந்தியாவில் முன்பதிவு தொடங்கிய கேலக்ஸி நோட் 7, பேட்டரி தீப்பற்றும் சிக்கலால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டு, இங்கே கடைகளுக்கு வராமலே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 251 ரூபாய்க்கு ஃப்ரீடம் 251 என்ற ஸ்மார்ட்போனை அறிவித்து முன்பதிவைத் திறந்தபோது, கூட்டம் தாங்காமல் இணையதளமே முடங்கியது. பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்ட போனில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. அதன் நிறுவனர் 2017 பிப்ரவரியில், ஒரு விநியோகஸ்தர் கொடுத்த மோசடிப் புகாரில் கைது செய்யப்பட்டார். இவ்விரண்டும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. ஒன்று விபத்து, மற்றொன்று வேறு வகை. ஆனால் போன் வராவிட்டால் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இரண்டும் சான்று.

ஆகவே கடையில்தான் வாங்குவது என்று இருப்பவர்கள், அறிவிப்பு வந்த பிறகு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விற்பனையகப் பட்டியலில் அந்தக் கடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டும்போதே உங்கள் கைபேசி எண்ணுக்கு நிறுவனத்திடமிருந்து முன்பதிவு எண் வர வேண்டும். வராவிட்டால் அது முன்பதிவே அல்ல. சீட்டில் மாடல், சேமிப்பகம், நிறம், விலை, திருப்பித் தரும் நிபந்தனை, ஜிஎஸ்டி எண் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். 15 இலக்கமும் எழுத்துமாக வரும் அந்த எண் தமிழ்நாட்டுக் கடையானால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைத் தட்டினால் யார் பெயரில் உள்ளது என்று தெரிந்துவிடும். யுபிஐ திரையில் வரும் பெயரும் அதுவும் பொருந்த வேண்டும். பழைய போனின் மதிப்பையும் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையில் சொன்ன 12,000 எங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மேலே பார்த்தீர்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் உத்தரவாதத் தேதியைப் பார்ப்பதோடு, தொலைத்தொடர்புத் துறையின் வசதியையும் பயன்படுத்தலாம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் உண்மையானதா, தடை செய்யப்பட்டதா என்ற விவரம் வரும். அத்துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதைச் செய்யலாம். பெட்டியைத் திறந்த பிறகு *#06# தட்டி வரும் எண் பெட்டியில் உள்ளதோடும் பில்லில் உள்ளதோடும் ஒத்துப்போக வேண்டும். இவற்றையெல்லாம் கடையிலேயே நின்று செய்யுங்கள். முகம் சுளிக்கும் விற்பனையாளருக்காக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. வெளிவராத போனைப் பாதி விலைக்குத் தருவதாக டெலிகிராமிலும் போலி இணையதளங்களிலும் வரும் விளம்பரங்கள் தனி வகை. அங்கே பணம் போய்விட்டால் நுகர்வோர் புகாரால் பயன் குறைவு, உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எங்கள் விவகாரத்தில் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்தோம். புகார் எண் வந்தது, கடையிடமிருந்து பதில் வரவில்லை. அந்த உதவி மையம் சமரசத்துக்கு முயலலாமே தவிர, கட்டளையிட அதற்கு அதிகாரம் கிடையாது. பின்னர் பதிவுத் தபாலில், பிரிவு 2(41)ஐயும், உரிய பில் தராததை நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கொள்ளும் பிரிவு 2(47)ஐயும் குறிப்பிட்டு அறிவிப்புக் கடிதம் அனுப்பினோம். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கடையிலிருந்து தானாக அழைப்பு வந்தது. 'புக்கிங் சார்ஜ்' என்று 500 ரூபாயைக் கழித்துக்கொண்டு, அதே தனிநபர் கணக்கிலிருந்து 4,500 ரூபாயை அனுப்பிவைத்தார்கள். அப்படியொரு கட்டணம் சீட்டின் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.

மீதித் தொகைக்கும், கைநழுவிய சலுகைக்குமாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், இணையவழி மனுக்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு கொடுத்திருக்கிறோம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தாக வேண்டும். சீட்டின் இரு பக்கங்களின் படம், யுபிஐ பரிவர்த்தனைப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், கிழிந்த முத்திரையோடு கூடிய பெட்டியின் படம், உத்தரவாதத் தேதி காட்டிய பக்கத்தின் திரைப்பிரதி ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இதே முறையில் ஏதேனும் ஒரு கடையில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், உங்கள் முன்பதிவு எண் என்ன என்பதை இன்றே அந்தக் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். எண் வராவிட்டால், சலுகைக் காலம் முடிவதற்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்திலேயே பதிவு செய்துகொள்ள நேரம் இருக்கும்.