சித்திரைக்குப் பூப்போட்ட நகம்: கொழும்பில் மூன்று வருட ஜெல் கியூடெக்ஸ் அனுபவம்

2023 சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமைதான் நான் முதன்முதலில் ஜெல் கியூடெக்ஸ், அதாவது புற ஊதா லாம்பில் கையை வைத்து இறுகவைக்கிற நகப்பூச்சு, போட்டேன். அதுவரை எங்கள் வீட்டில் கியூடெக்ஸ் என்றால் மெரூன் நிறத்தில் ஒரு சின்னப் போத்தல். மூன்றாம் நாள் நுனி உரியும், நாலாம் நாள் ரிமூவர் போட்டுத் துடைப்போம். ஜெல் அப்படியில்லை, இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் என்று மச்சாள் சொல்லித்தான் வெள்ளவத்தையில் ஒரு பார்லருக்குப் போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பங்குனி தொடங்கி வெசாக் வரை என் நகத்தில் ஏதோ ஒரு பூ இருந்துகொண்டே இருக்கிறது. மற்ற மாதங்களில் நகத்தைச் சும்மா விட்டுவிடுவேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பங்குனி வந்தால் வசந்தகால நக டிசைன் என்று படங்கள் வரத் தொடங்கிவிடும். லாவெண்டர், புதினாப் பச்சை, வெண்ணெய் மஞ்சள், பீச். அப்புறம் செர்ரிப் பூ, டெய்சி, துலிப். பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் அவை குளிர் விட்டு வெயில் வருகிற ஊர்களுக்கான டிசைன்கள். கொழும்பில் அதே மாதங்களில் பகல் முழுக்கப் புழுக்கம், பின்னேரம் இடியோடு மழை. அதைவிட முக்கியமானது, நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். பத்தாம் நாள், அதுவும் சொதியும் பருப்பும் பிசைந்த கையில், அந்த டிசைன் எப்படி இருக்கும் என்று எந்தப் படமும் காட்டாது.

முதல் வருடம் நான் தெரிவு செய்தது லாவெண்டர். பத்து விரலுக்கும் முழு நிறம், மோதிர விரலில் மட்டும் வெள்ளைப் பூ. நாலாம் நாள் இரவு இடியப்பமும் சொதியும். கை கழுவிவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். வலக்கைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனியிலும் லாவெண்டர் போய் ஒருவித மண்ணிறம். மோதிர விரலில் பாதி. வெள்ளைப் பூ இளமஞ்சளாகியிருந்தது. சின்னவிரலும் இடக்கை ஐந்தும் போட்ட அன்றைப் போலவே இருந்தன. ஊதா மேல் மஞ்சள் ஏறினால் ஊதா தெரியாது, அழுக்குத்தான் தெரியும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

சொதியில் போடுகிற மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்க்குமின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். தேங்காய்ப்பாலின் கொழுப்போடு சேர்ந்து வரும்போது ஜெல்லின் மேல்பூச்சில் இலேசாகப் பிடித்துக்கொள்கிறது. எனக்குப் பலன் தந்த வழிகள் இரண்டு. சாப்பிட்டவுடன், கறை ஊறுவதற்கு முன், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நகத்தை மட்டும் துடைப்பது. பழைய கறை என்றால் வெயில். உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நின்றால், இரண்டு மூன்று நாளில் நன்றாக மங்கும். குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் போவதும் இதனால்தான். ஆனாலும் முழுதாகப் போகாது.

2024-இல் புதினாப் பச்சை, மினுக்கம் இல்லாத மேட் மேல்பூச்சு, மேலே டெய்சி. இதைப் போடும்படி யாருக்கும் சொல்லவே மாட்டேன். மேட் மேல்பூச்சு பளபளப்பானதைவிடச் சொரசொரப்பு. மஞ்சள் மட்டுமல்ல, மிளகாய்த்தூளும் அதில் போய் உட்கார்ந்தது. ஐந்தாம் நாளே கழற்றினேன்.

அதே வருடம் அதைக் கழற்றிவிட்டுப் போட்டதுதான் எனக்கு வழிகாட்டியது: கொன்றைப் பூ மஞ்சள். இங்கே கொன்றை பூக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். வலக்கை ஐந்துக்கும் அந்த மஞ்சள், இடக்கைக்கு லாவெண்டர். சொதி பட்டாலும் மஞ்சள் மேல் மஞ்சள், ஒன்றும் தெரியவில்லை. இடக்கை எப்படியும் சாப்பாட்டில் படுவதில்லை, லாவெண்டர் மூன்று கிழமையும் லாவெண்டராகவே இருந்தது. இரண்டு கைக்கும் இரண்டு நிறம் என்று முதலில் பார்லர் அக்கா யோசித்தார், போட்டு முடித்தபின் அவருக்கே பிடித்துவிட்டது. வசந்த நிறங்களில் வலக்கைக்கு நான் சொல்லக்கூடியவை மஞ்சள், பீச், பவள நிறம், முள்முருக்கம்பூச் சிவப்பு. லாவெண்டர், இளநீலம், வெள்ளை எல்லாம் இடக்கைக்கு.

நிறம் மாறுவது ஒரு பிரச்சினை என்றால், நகம் வளர்வது இன்னொன்று. கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில் வளரும். பத்தாம் நாளே அடியில் 1 மில்லிமீற்றர் வெறும் நகம் தெரியும். முழு நிறம் போட்டிருந்தால் அந்தக் கோடு கண்ணில் குத்தும். 2025-இல்தான் இதற்கு நல்ல விடை கிடைத்தது: அடியில் நகத்தின் நிறத்திலேயே கண்ணாடி போன்ற ஒரு றோஸ் பூச்சு, மேலே சின்னச் சின்னப் பூக்கள், அவையும் நடுவுக்கும் நுனிக்கும் இடையில். அடிப்பகுதியைத் தொடவே கூடாது. இருபத்தோராம் நாள் வேலையிடத்தில் ஒருத்தி, "நேற்றா போட்டீங்க?" என்று கேட்டாள். நுனியில் மட்டும் நிறம் வைக்கும் பிரெஞ்ச் டிசைனும் இதே காரணத்தால் நன்றாக நிற்கும். விரலுக்கு ஒரு நிறமாக வைத்தால் வசந்த டிசைன்களில் அது மிக எளிது. ஆனால் மஞ்சள் முதலில் படுவது நுனியில்தான் என்பதை மறக்கக்கூடாது.

பூவுக்கு வருகிறேன். எல்லோரும் செர்ரிப் பூ கேட்கிறார்கள், பார்லர்களிலும் அந்தப் படம்தான் இருக்கும். நான் ரொபரோசியா கேட்டேன். சித்திரையை ஒட்டிக் கொழும்பு வீதியோரங்களில் மரம் முழுக்க றோஸாகப் பூத்துக் கீழே கம்பளம் விரிக்கிற அதே பூ. அதை நகத்தில் வைப்பது சுலபம், பின்னால் வீட்டிலேயே பழகிவிட்டேன். புறக்கோட்டைக் கடைகளில் உருண்டைத் தலை உள்ள டொட்டிங் குச்சி கிடைக்கும். இல்லாவிட்டால் குண்டூசித் தலை போதும். அடிப்பூச்சு லாம்பில் இறுகியபின் வெளிர் றோஸில் ஐந்து புள்ளி, வட்டமாக, ஒன்றோடொன்று இலேசாகத் தொடும்படி. லாம்பில் வைக்காமல் மெல்லிய ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியையும் நடுப்பக்கம் இழுத்தால் இதழ் வந்துவிடும். பிறகு நடுவில் கடும் றோஸ் ஒரு துளி, அதற்குள் மஞ்சள் அதைவிடச் சின்னத் துளி. லாம்பில் வைக்காதவரை ஜெல் இறுகாது, பிழைத்தால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். சாதாரண கியூடெக்ஸில் இந்த வசதி இல்லை. ஒரு நகத்துக்கு ஒரு பூவும் உதிர்ந்த இதழ் இரண்டும் போதும். பத்து விரலிலும் பூ நிறைத்தால் தூர நின்று பார்க்கும்போது ஒன்றும் விளங்காது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் டிசைனைவிட முக்கியம், போடுவதற்கு முன் செய்கிற வேலை. வெந்நீரில் கையை ஊறவிட்டு ஜெல் போடுகிற இடத்துக்குப் போகாதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும்; பிறகு காய்ந்து சுருங்கும்போது மேலிருக்கும் ஜெல் ஓரத்தில் கிளம்பும். காய்ந்த நகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை போட்டு, நுனியின் விளிம்பையும் தூரிகையால் மூட வேண்டும். பெருவிரலைத் தனியாக லாம்பில் வைக்கச் சொல்லுங்கள். நாலு விரலோடு வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து சரியாக இறுகாது. லாம்பில் வருவது புற ஊதாக் கதிர், அதனால் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிப் போட்டுக்கொள்வேன்.

ஒரு தடவை நகம் பாழாகியது. 2024 வைகாசியில், வழமையான இடத்தில் நேரம் கிடைக்காமல் வேறொரு பார்லரில் கழற்றக் கொடுத்தேன். அசிட்டோனில் ஊறும்வரை பொறுக்காமல் இரும்புக் கரண்டியால் நெம்பி எடுத்துவிட்டார்கள். ஜெல்லோடு நகத்தின் மேல் படையும் வந்துவிட்டது. இரண்டு விரல் நகம் கடதாசி மாதிரி வளைந்தது, தேசிக்காய் பிழிந்தால் எரிந்தது. அது முழுதாக வளர்ந்து போக ஐந்து மாதம் ஆனது. மேல்பூச்சை அரத்தால் உரசிவிட்டு, அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் பொறுத்தால் ஜெல் தானாகக் கிளம்பும். மரக்குச்சியால் தள்ளினாலே போதும். இப்போது வீட்டிலேயே கழற்றுகிறேன், பிறகு தேங்காய் எண்ணெய்.

ஜெல்லில் இருக்கிற இரசாயனங்கள் பற்றி இரண்டு விஷயம். ஜெல்லில் ஹெமா (HEMA) என்ற பொருள் இருக்கலாம். இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அதனால் ஒவ்வாமை வரக்கூடும், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். தோலில் வழிந்தால் லாம்பில் வைப்பதற்கு முன் துடைத்துவிட வேண்டும். அரிப்பு வந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். மற்றது டிபிஓ (TPO), ஜெல் இறுக உதவுவது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதாகக் கண்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் அதைத் தடைசெய்தது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆகையால் நானே போத்தலைத் திருப்பி வாசித்துத்தான் வாங்குகிறேன்.

இந்த வருடத்துக்கும் யோசித்தாயிற்று. வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைக்கும்போதே மஞ்சள் படும், பிறகு பொங்கல், மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு. எனவே வலக்கை கொன்றை, இடக்கை ரொபரோசியா. நாலு நாள் முன்னே 10ஆம் திகதிக்கு நேரம் எடுத்திருக்கிறேன். இவ்வளவு வருடமும் மருதோண்டிதான் வடிவு என்று சொல்லிவந்த அம்மா, போன கிழமை தேத்தண்ணீர் குடிக்கும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு விரலில் மட்டும் அந்தப் பூவை வச்சுவிடு பிள்ளை, கைவிசேஷம் குடுக்கேக்க தெரியட்டும்" என்றார். அம்மா கைவிசேஷம் கொடுப்பது வலக்கையால். அதனால் அவருக்கு மட்டும் பூவைப் பவள நிறத்தில் வைக்கப்போகிறேன்.