ராக்கெட் ஏறுவதை நேரில் பார்க்க எங்கே போவது: ஸ்ரீஹரிகோட்டாவா, வென்சாங்கா, புளோரிடாவா?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு இல்லாத கூரையை எண்ணிவிடலாம். அந்தத் தட்டுகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் மியாசாட் துணைக்கோள்களில் ஒன்று 2009 இல் கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்தும், 2014 இலும் 2022 இலும் சென்ற மற்றவை தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கூரூவிலிருந்தும் ஏறியவை. நம் வீட்டுத் தொலைக்காட்சிக்காகப் பறந்த ராக்கெட்டுகளில் ஒன்றைக்கூட நம்மவர்கள் நேரில் பார்த்ததில்லை என்பது என் மகனின் நெடுநாளைய மனக்குறை. படிவம் நான்கில் படிக்கும் அவனுக்காகத் தொடங்கிய பேச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பத்தையும், ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அத்தையையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட பயணமாக வளர்ந்துவிட்டது. ஆகவே மூன்று இடங்களை எடுத்து அலசிப் பார்த்தேன்.

கூரூவையும் பைக்கனூரையும் தொடக்கத்திலேயே நீக்கிவிட்டேன். முதலாவதற்குப் போய்ச் சேருவதற்குள் பாதி விடுப்பு கரைந்துவிடும்; இரண்டாவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற்று, பயண நிறுவனத்தின் குழுவோடுதான் போக முடியும். ஜப்பானின் தானேகாஷிமா தீவு மிக அழகானது. நமக்கு ஜப்பானிய விசாவும் தேவையில்லை. ஆனால் அங்கே ஆண்டுக்குச் சில ராக்கெட்டுகளே ஏறுகின்றன என்பதால் அதையும் தள்ளிவைத்தேன்.

பயணம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது விமானச் சீட்டின் விலையைத்தான். ராக்கெட் பார்க்கும் பயணத்துக்கு அந்தக் கணக்கு போதாது, ஏனென்றால் விமானம் நேரத்துக்குப் புறப்பட்டாலும் ராக்கெட் புறப்படும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. 2019 ஜூலை 15 அன்று அதிகாலை 2.51 மணிக்குக் கிளம்ப வேண்டிய சந்திரயான் 2, ஐம்பத்தாறு நிமிடங்கள் மீதமிருந்தபோது நிறுத்தப்பட்டது. அன்று ஸ்ரீஹரிகோட்டாவுக்கே வந்திருந்த இந்தியக் குடியரசுத் தலைவரும் பார்க்காமல்தான் திரும்பினார். அது புறப்பட்டது ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகலில். அமெரிக்காவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1 இன் நிலை இதைவிட மோசம். 2022 ஆகஸ்ட் 29 இலும் செப்டம்பர் 3 இலும் முயன்று நிறுத்தப்பட்ட அது, நவம்பர் 16 அன்றுதான் பறந்தது. எனவே நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: குறித்த நாளில் ராக்கெட் போகாவிட்டால், கூடுதலாகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஊரில் நமக்கு என்ன விலையாகும்? பணமாக மட்டுமல்ல, விடுப்பாகவும், முதியவர்களின் உடல்நிலையாகவும், பிள்ளைகளின் பொறுமையாகவும் அந்த விலையைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலில் புளோரிடா முதலிடத்துக்கு வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. கேப் கனாவரல் பகுதியிலிருந்து 2024 இல் 93 ராக்கெட்டுகள் ஏறின. 2025 இல் அந்த எண்ணிக்கை நூறைக் கடந்துவிட்டது. சராசரியாக மூன்று நான்கு நாளுக்கு ஒன்று. ஒன்று ஒத்திவைக்கப்பட்டாலும் அதே வாரத்தில் இன்னொன்று கிளம்பும். பெரும்பாலானவை எழுபது மீட்டர் உயரமுள்ள ஃபால்கன் 9 வகை. அவற்றில் சிலவற்றின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ எட்டு நிமிடங்களில் கரைக்கே திரும்பி வந்து நிற்கும்போது, ஒலியின் வேகத்தை மீறி வருவதால் வெடிச்சத்தம் போன்ற அதிர்வு கேட்கும். மற்ற இரு இடங்களிலும் இது கிடைக்காது. டைட்டஸ்வில் நகரின் ஆற்றங்கரையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். கென்னடி விண்வெளி மையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி இன்னும் அருகிலும் பார்க்கலாம்.

ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. ஏழு பேருக்கும் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்து, கோலாலம்பூர் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். விசா கிடைத்தாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் திரும்பி வராது. அதற்குப் பிறகு விமானம் மாறி மாறி ஒரு முழு நாளுக்கு மேல் பயணம். முழங்கால் வலியுள்ள அத்தையை அத்தனை மணி நேரம் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. தனி ஆளாக, கையில் சேமிப்போடும் மூன்று வார விடுப்போடும் இருக்கும் இளைஞருக்கு நான் சொல்வது புளோரிடாவைத்தான்.

சீனாவின் ஹைனான் தீவிலுள்ள வென்சாங், வரைபடத்தை விரித்துப் பார்க்கும்வரை என் எண்ணத்திலேயே இல்லை. கோலாலம்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். ஹைனானின் தலைநகர் ஹைக்கோவ் 2,100 கிலோமீட்டர் அளவுதான். விசா தேவையில்லை: 2023 டிசம்பரில் தொடங்கிய சலுகை, 2025 ஜூலை முதல் முப்பது நாள் வரை தங்கலாம் என்று இரு நாட்டு ஒப்பந்தமாகவே ஆகிவிட்டது. ஹைக்கோவிலிருந்து அதிவேக ரயில் வென்சாங்குக்குப் போகிறது. அங்கிருந்து சாலை வழியாகத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே லோங்லௌ என்னும் சிற்றூருக்குச் சென்றால், கடற்கரையிலும் விடுதி மொட்டைமாடிகளிலும் சீனக் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து ராக்கெட் பார்ப்பதைக் காணலாம். ராக்கெட் பார்ப்பதையே ஒரு சுற்றுலாத் தொழிலாக வளர்த்திருக்கிறார்கள்.

வென்சாங்கின் பெருமை அருகாமை. ஏவுதளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே பொதுமக்கள் நிற்கும் கரை இருப்பதால், கண் பார்த்த சற்று நேரத்திலேயே நெஞ்சுக்கூட்டில் அதிர்வு விழும். ஒலி மூன்று கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒன்பது நொடிகள் ஆகும். அதை வைத்து நிற்கும் தூரத்தைத் தாமே கணக்கிடலாம் என்று மகன் இப்போதே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான். அங்கிருந்து ஏறும் லோங் மார்ச் 5, ஐம்பத்தேழு மீட்டர் உயரமும் ஏறத்தாழ 870 டன் எடையும் கொண்டது. ஸ்ரீஹரிகோட்டாவின் மிகப் பெரிய ராக்கெட்டான எல்விஎம் 3 இன் எடை 640 டன்.

வென்சாங்கில் எனக்குப் பிடிபடாத சங்கடம் தேதிதான். நாள் உறுதியாகத் தெரிவது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான். நிலவின் மறுபக்கத்திலிருந்து மண் எடுத்துவந்த சாங்கே 6 இன் ராக்கெட் 2024 ஏப்ரல் 27 அன்று ஏவுமேடைக்கு உருட்டிச் செல்லப்பட்டது. மே 3 அன்று பறந்தது. இடையில் இருந்தது ஆறு நாள். ஏழு பேருக்கு ஆறு நாளில் விமானச் சீட்டு வாங்கினால் அதன் விலை நம் திட்டத்தையே தின்றுவிடும். பருவமும் கவனிக்க வேண்டியது. ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே சூறாவளிக் காலம்; 2024 செப்டம்பரில் யாகி என்னும் பெரும் சூறாவளி கரை கடந்தது இதே வென்சாங்கில்தான். காத்திருக்கும் நாள்களில் என்ன செய்வது என்று பார்த்தால், மொழி தெரியாத ஊரில் கடற்கரையை விட்டால் எங்களுக்கு வேறு போக்கில்லை. பணம் பெரும்பாலும் கைப்பேசிச் செயலிகளில்தான் புழங்குகிறது. அங்கே தடுக்கப்பட்டிருக்கும் வாட்ஸ்அப் வேண்டுமென்றால் மலேசிய சிம்மின் ரோமிங்கை விட்டுவிடக் கூடாது. சாப்பாட்டில் மட்டும் எனக்குக் கவலையில்லை. நம் ஊர்க் கோப்பிக்கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட ஹைனான் கோழிச்சோற்றின் தாய்வீடு அந்த வென்சாங் கோழிதான்.

ஸ்ரீஹரிகோட்டாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதைப்பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம் என்பதே. சதீஷ் தவான் விண்வெளி மையம் இருப்பது ஆந்திராவில் என்றாலும், சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட தீவில் இருக்கிறது. நமக்குப் பினாங்கு விமான நிலையம் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். அங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானச் சேவையும் 2024 டிசம்பரில் தொடங்கியது. சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டைக்கு ரயில் இருக்கிறது. அதைத் தாண்டி ஏரியைக் குறுக்காகக் கடக்கும் சாலைதான் தீவுக்கு வழி.

தீவினுள் பொதுமக்கள் அமர்ந்து பார்ப்பதற்கான மாடம் 2019 இல் திறக்கப்பட்டது. கட்டணமில்லை, ஆனால் ஏவும் நாளுக்குச் சில நாள் முன்பு இணையத்தில் பதிவு திறக்கும்போது விரைந்து இடம் பிடிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் தீவுக்குள் நுழைய முடியாது. நம் கையில் இருப்பது மலேசியக் கடப்பிதழ் என்பதால், பதிவுப் பக்கத்தில் அடையாள ஆவணம் பற்றிச் சொல்லியிருப்பதை ஒரு வரி விடாமல் படித்த பிறகே அந்த மாடத்தை நம்ப வேண்டும். என் யோசனை, அதைக் கிடைத்தால் கிடைக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, பழவேற்காட்டுக் கடற்கரையை முதன்மைத் திட்டமாகக் கொள்வது. அது தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. தீவுக்குள் நுழையும் அனுமதி தேவையில்லை. ஏவுதளத்திலிருந்து ஏறத்தாழ முப்பத்து நான்கு கிலோமீட்டர் தெற்கே.

அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறும் ராக்கெட் வகைகளில் ஒன்றான பிஎஸ்எல்வியின் முதற்கட்டம் திட எரிபொருளில் எரிவது. அதன் சுடர் கண் கூசும் அளவுக்கு வெளிச்சமானது, விட்டுச்செல்லும் வெண்புகைத் தடமும் கனமானது. பூமியின் இரு துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி, இலங்கையின் மேல் பறந்துவிடாதிருக்க முதலில் தென்கிழக்கே சென்று பிறகு தெற்கே திரும்புவதால், அதன் பாதை பழவேற்காட்டுக் கரையில் நிற்பவருக்குச் சாதகமாகவே அமைகிறது. வானம் தெளிவாக இருந்தால் சென்னை மொட்டைமாடிகளிலிருந்தே பார்க்கிறார்கள். ஆனால் ஓசையில் ஏமாற்றம் உண்டு. அது நம்மை எட்ட ஏறத்தாழ நூறு நொடிகள் ஆகும். அதற்குள் முதற்கட்டம் எரிந்து தீரும் தறுவாய்க்கு வந்துவிடும். வென்சாங்கில் கிடைக்கும் நெஞ்சதிர்வை இங்கே எதிர்பார்க்கக் கூடாது என்பதை மகனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவன் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது.

எண்ணிக்கையிலும் ஸ்ரீஹரிகோட்டா பின்தங்கியே நிற்கிறது. 2023 இல் ஏழு, 2024 இல் ஐந்து, 2025 இல் ஐந்து என்பதே அங்கிருந்து ஏறியவற்றின் கணக்கு. புளோரிடாவைப் போல ஒன்று போனால் இன்னொன்று என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நமக்கு நீண்ட பள்ளி விடுமுறை கிடைக்கும் ஆண்டிறுதியில் சென்னைக் கரையில் வடகிழக்குப் பருவமழை வேறு. மேகத்துக்குள் நுழைந்த ராக்கெட்டைப் பார்க்க எந்தத் தொலைநோக்கியும் உதவாது. சனவரிக்குப் பிறகு வானம் தெளிந்துவிடும். அதற்காகப் பிள்ளைகள் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் எங்கள் ஏழு பேருக்கும் நான் ஸ்ரீஹரிகோட்டாவையே தேர்ந்தெடுத்தேன். காத்திருக்கும் நாளின் விலை அங்கேதான் ஆகக் குறைவு. அண்ணனின் மாமியார் வழி உறவினர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தங்கும் செலவு பாதியாகிவிடும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வரும். சூலூர்ப்பேட்டையின் செங்காளம்மன் கோயிலில், ராக்கெட் ஏவுவதற்கு முன் விண்வெளி விஞ்ஞானிகளே வந்து கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் திருப்பதி. இந்த ஒப்பீடு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "ராக்கெட்டு போவலன்னா பெருமாளயாச்சும் பாத்துட்டு வருவோம், விடுப்பா" என்று ஒரே வாக்கியத்தில் என் பல நாள் ஆய்வை முடித்து வைத்தார்.

தோழர்களோடு மட்டும் போகும் பயணமாக இருந்தால், மகனுக்கு நான் வென்சாங்கைத்தான் சொல்லியிருப்பேன். பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகு, முதுகுப்பையும் பொறுமையும் இருந்தால், ஆறு நாள் அவகாசத்தில் கிளம்புவது அந்த வயதுக்கு இயலாததல்ல. அவனும் அந்தக் கணக்கில்தான் இப்போதைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான்.

இனி இருக்கும் சிக்கல் நாள் பொருத்தம். திருமலையில் முந்நூறு ரூபாய்ச் சிறப்புத் தரிசனச் சீட்டு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே இணையத்தில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. ராக்கெட்டின் நாளோ ஒன்றிரண்டு வாரம் முன்புதான் உறுதியாகிறது. அதன் பிறகும் மாறலாம். எனவே எதிர்பார்க்கப்படும் மாதத்தின் நடுவில் தரிசனத்துக்குச் சீட்டு எடுத்து, விமானச் சீட்டைக் கட்டணம் கட்டித் தேதி மாற்றக்கூடிய வகையில் வாங்கி, திரும்பும் நாளை மட்டும் தளர்வாக விட்டு வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்று கேட்கும் கட்டத்தில் அண்ணன் "கோயில் பயணம்" என்று எழுதிவிட்டார்; ராக்கெட் என்று எழுதினால் மேலாளர் நம்ப மாட்டாராம்.