இரண்டாவது கரண்டி: திருவல்லிக்கேணியில் எங்கே சாப்பிடலாம்?

தனி ஆட்களுக்கு மாச வாடகைக்கு அறை விடும் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று வருஷம் குடியிருந்தேன். அறையில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. வெந்நீர் போடும் காயிலைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தாலும் மேனேஜர் மோப்பம் பிடித்து வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆக, வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வேளை வெளிச்சாப்பாடுதான். அந்தப் பக்கம் அறை தேடிப் போகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்கே சாப்பிடறது?"

ருசியை வைத்துப் பதில் சொன்னால் சண்டைதான் வரும். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. இரண்டாவது கரண்டி. அது கேட்காமலே வருகிறதா, கேட்டால் வருகிறதா, கேட்டதும் பில்லில் ஏறுகிறதா? ஒரு கடை உங்களை யாராக நினைக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் மதியச் சாப்பாடு. போட்டி இரண்டு மெஸ்களுக்கு இடையில். அக்பர் சாகிப் தெருவில் இருக்கும் காசி விநாயகா மெஸ் சைவம். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துச் சந்தில் 1961-லிருந்து நடக்கும் நாயர் மெஸ் மீன் சாப்பாட்டுக்குப் பேர்போனது. இரண்டிலும் இலை, இரண்டிலும் கூட்டம், இரண்டிலும் யாரும் உங்களைச் சாவகாசமாக உட்காரவிடப் போவதில்லை. ஆனால் கணக்கு வேறு வேறு.

காசி விநாயகாவில் முதலில் காசைக் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். அப்புறம் வெளியே நின்று முறைக்குக் காத்திருக்க வேண்டும். பாங்க் ஆபீசர், புரூஃப் ரீடர், நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கிய பையன் எல்லோரும் ஒரே வரிசையில் டோக்கனைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. சாப்பிடுவதற்குக்கூடவா ரேஷன் கடை மாதிரி நிற்பது என்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அதன் சூட்சுமம் புரிந்தது. காசு வாசலிலேயே முடிந்துவிடுவதால் உள்ளே போன பிறகு கணக்கு என்பதே கிடையாது. சோற்று வாளியோடு வருகிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். குழி விழுந்திருந்தால் சோறு விழும். வேண்டாம் என்றால் நீங்கள்தான் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். மெனு கார்டு கிடையாது, "என்ன சார் வேணும்" கிடையாது. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்பதால் சமையல்கட்டில் வீணாவதும் குறைவு, இடம் காலியாவதும் வேகம். அளவில்லாமல் போட்டும் விலையைக் கட்டுக்குள் வைக்க முடிவது இதனால்தான்.

நாயர் மெஸ்ஸில் சோறும் குழம்பும் அப்படித் தாராளம். மீனுக்கு மட்டும் தனிக் கணக்கு. நியாயம்தான், அரிசி விலையும் வஞ்சிர விலையும் ஒன்றா? ஆனால் தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. பக்கத்து இலையில் தேங்காய் எண்ணெய் மணக்க வஞ்சிர வறுவல் வந்து இறங்கும். மசாலா ஓரமெல்லாம் கருகி, நடுமுள்ளைச் சுற்றி வெள்ளைச் சதை விரிந்திருக்கும். மாசம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் அந்த இலைப் பக்கம் திரும்பாமல் வெறும் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்து வர ஒரு வைராக்கியம் வேண்டும். குழம்பு அந்த வைராக்கியத்துக்குத் தகுந்ததுதான், மறுக்கவில்லை. முதல் வாரத்தில் நாயர், கடைசி வாரத்தில் காசி விநாயகா என்று மேன்ஷனில் பலர் வைத்திருந்த ஏற்பாட்டுக்கு மேல் நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. ஒன்று மட்டும்: கிரிக்கெட் மேட்ச் நாளில் சேப்பாக்கம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

டிபனுக்கு வருவோம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே, 1948-இல் தொடங்கியது. தொடங்கியது வடக்கேயிருந்து வந்த குடும்பம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சென்னைக்காரன் சாம்பார் இட்லிக்குச் சாட்சிக்கு அழைக்கும் கடை வடநாட்டுக்காரர் போட்டது!

இங்கே இட்லியைத் தொட்டுச் சாப்பிடும் பேச்சே இல்லை. தட்டில் இரண்டு இட்லி இருக்கும், அது மூழ்கும் வரை சாம்பார் இருக்கும், கூட ஒரு ஸ்பூன். சூடான இட்லி சாம்பாரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நாலு வாய் போவதற்குள் தட்டில் மட்டம் இறங்கி, இட்லி மட்டும் ஊறிப் பருத்து உட்கார்ந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் ஜக்கோடு ஒருவர் வர வேண்டும். வருவார். வராவிட்டால் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். ஆக, ரத்னாவில் இரண்டாவது கரண்டி தாராள குணத்தைக் காட்டுவதற்காக வருவதில்லை. அந்தப் பண்டம் அது இல்லாமல் முடியாது. வேறு ஓட்டல்களில் சாம்பார் இட்லி என்று சின்னக் கிண்ணத்தில் தருகிறார்களே, அதில் பாதியிலேயே இட்லி விக்கிக்கொண்டு நிற்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். மற்றபடி அங்கே தோசை, பூரி எல்லாம் உண்டு. நான் சாப்பிட்டிருக்கிறேன், எதுவும் ஞாபகத்தில் இல்லை.

பிரியாணி என்று வந்தால் என் அளவுகோல் உடைந்துபோகிறது. அண்ணா சாலை புகாரி 1951-இல் வந்தது. சிக்கன் 65 தங்கள் கடையில் 1965-இல் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. கோழியை அறுபத்தைந்து துண்டாக வெட்டினார்கள், அறுபத்தைந்து நாள் கோழி என்று ஊரில் உலவும் கதைகளைவிட இது நம்பும்படி இருக்கிறது. 65-க்கு அப்புறம் 78, 82, 90 என்றும் போட்டார்கள்; ஊர் முதலாவதோடு நின்றுகொண்டது.

பிரியாணியில் இரண்டாவது கரண்டி இலவசமாக வராது, வரவும் முடியாது. மெஸ் சோறு வெறும் சோறு. ருசி குழம்பில் இருக்கிறது. பிரியாணியில் கறியின் சாறும் கொழுப்பும் அரிசிக்குள்ளேயே போய்விடுகின்றன. அதனால்தான் ஒரு துண்டு கறிகூட இல்லாத குஸ்காவுக்கும் விலை உண்டு. எனவே இங்கே தாராளத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்: வெங்காயப் பச்சடியிலும் கத்தரிக்காயிலும். ஜாம்பஜார் பக்கத்துச் சின்ன பாய் கடைகளில் "பாய், கத்தரிக்கா கொஞ்சம்" என்றால் முணுமுணுப்பில்லாமல் வரும். பெரிய கடையில் உட்காரும் சுகம் உண்டு, குடும்பத்தோடு போகலாம், முடித்த பிறகும் ஒரு டீ சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். சின்னக் கடையில் அது நடக்காது. ஊரிலிருந்து மாமா வந்தால் புகாரி. நானே நானாக இருந்தால் பாய் கடை.

ஏசி ஹால் ஓட்டல்களை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனசில்லை. பேர் வேண்டாம், ஒரு ஓட்டலில் நெய் ரோஸ்டுக்கு இரண்டாவது தடவை தேங்காய்ச் சட்னி கேட்டேன். கேட்டதும் வந்தது, "எக்ஸ்ட்ரா சட்னி" என்று பில்லிலும் வந்தது. சரி, அது அவர்கள் விதி. ஆனால் கீழே ஏசி இல்லாத ஹாலில் அதே சட்னியை எவர்சில்வர் தூக்கில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரியால்தான் ஏசியில் விலை கூடுதல் என்று இன்னும் சில பேர் நினைக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதம், ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது உண்மை. அந்த வருஷம் நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களில் இரண்டுக்கும் 5 என்று ஆக்கிவிட்டார்கள். மிச்ச வித்தியாசம் ஓட்டலுடையது.

கடைசியாகக் கையேந்தி பவன். ராத்திரி பத்துக்கு மேல் மேன்ஷன்காரனுக்கு வேறு கதி இல்லை என்று சொல்லி இதைக் கடைசியில் வைக்கவில்லை. என் கணக்கில் முதல் இடமே இதற்குத்தான் போகும். குறைகள் தெரிந்ததுதான்: தட்டின் மேல் பாலிதீன் தாள், பக்கத்தில் சாக்கடை, தண்ணீர் டிரம்மைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது. நான் பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடுவேன், வயிறும் பெரிதாக மக்கர் பண்ணியதில்லை.

எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் இரண்டு பரோட்டா வாங்கினால் மாஸ்டர் அதைக் கையாலேயே பிய்த்துப் போட்டு சேர்வாவை ஊற்றுவார். தெற்கத்திக்காரர்கள் சால்னா என்பார்கள். அவர் அதைத் திருத்தமாட்டார். கல்லில் அடுத்தவனுக்கு ஆஃப்பாயில் உடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், இடது கையால் கரண்டியை நீட்டுவார். என் தட்டு காய்ந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

"சத்தம் வருது இல்ல தம்பி. ஈரமா இருந்தா பிய்க்கிற சத்தம் வராது" என்றார்.