ஈயத்தாளா, செப்பு இழையா?

போன மாரியில், யாழ்ப்பாணத்துக் காரைநகரிலிருந்து வரும்போது, பொன்னாலைப் பாலத்தின் நடுவில் எங்கள் மொறிஸ் மைனரின் வைப்பர் நின்றுவிட்டது. ஹெட்லைற் எரிந்தது, ஹோர்ன் அடித்தது. அந்தக் காரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், ஹெட்லைற்றுக்கு அதுவும் இல்லை. சாவி போட்டபின் வேலை செய்யும் வைப்பர், பிரேக் லைற் பக்கத்துப் பியூஸ்தான் போயிருந்தது. மச்சான் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கிழித்து, எரிந்த பியூஸில் சுற்றிச் செருகினார். வைப்பர் ஓடியது. மூளாய் வருமுன்னமே டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் கருகல் மணம்.

ஈயத்தாள் என்பது பேருக்குத்தான், இப்போது வருவது அலுமினியம். நாலு மடிப்பு எத்தனை அம்பியர் தாங்கும் என்று சுற்றியவருக்கே தெரியாது. அது உருகாவிட்டால் வயர் உருகும்.

தொண்ணூறுகளின் போரில் பற்றரியும் பெற்றோலும் தடைப்பட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓடிய, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலத்து ஆட்கள் செப்பு இழைதான் போடுவார்கள். மெல்லிய செப்பு இழைகள் பல சேர்ந்த பிளெக்ஸ் வயரில் உரித்தெடுக்கும் 0.2 மில்லிமீற்றர் இழை ஒன்று ஏறக்குறைய 7 அம்பியரில் உருகும். வைப்பருக்கும் பிரேக் லைற்றுக்கும் இரண்டு இழை போதும். அன்றிரவு அதைப் போட்டிருந்தால் திரும்பவும் எரிந்து, மழையில் நின்றிருப்போம் என்பதும் உண்மைதான். ஆனால் வயரிங் தப்பியிருக்கும்.

சரி, கடையில் புதுப் பியூஸ் வாங்கினால்? அங்கேயும் ஒரு பொறி. லூகாஸ் கம்பனியின் பியூஸில் 35 என்றிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17.5 தான். வேறு சில வகைகளில் 35 என்றால் தொடர்ந்தே 35 தாங்கும். இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஈயத்தாளுக்குக் கிட்டத்தான் வந்து நிற்போம்.

பியூஸ் எரிந்ததற்குக் காரணம் வேறு. எப்போதோ முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றிய வைப்பர் வயர். வெக்கையில் ரேப்பின் பசை இளகி, வாய் திறந்து காரின் இரும்பு பொடியில் (உடலில்) தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. உப்புக்காற்று ஊரில் முறுக்குக்கு ஆயுள் அவ்வளவுதான்.

“முறுக்கில ஈயம் உருக்கி வைச்சால் ஆயுளுக்கும் நிக்கும் தம்பி” என்றார் கராஜ் அண்ணை. நிற்கும்தான், வயர் ஆடாத இடத்தில். ஈயம் ஏறிய துண்டு விறைத்துவிடுவதால், அது முடியும் விளிம்பில் வயர் அதிர்ந்து அதிர்ந்து முறியும். என் தெரிவு, குழாய் வைத்து நசுக்கும் இணைப்பு. பல்லுக்குறடு உதவாது, அதற்கென்ற குறடு வேண்டும். கறுத்த செம்பை வெட்டி, பளபளப்பான இடம் வரும்வரை பின்னுக்குப் போகவும் வேண்டும்.

தொடுவதற்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள். எங்கள் காரில் பொசிற்றிவ்தான் பொடியோடு சேர்ந்திருக்கிறது, அதனால் அதைத்தான் முதலில்.

இப்போது டாஷ்போர்ட்டுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி: நாலு பியூஸ், ஒரு சாண் பிளெக்ஸ் வயர். மச்சான் தன் சிகரெட் பெட்டியையும் அதற்குள்ளேயே வைக்கிறார்.