ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால்

மே மாதம் இரண்டாவது வாரம். அக்கினி நட்சத்திரம் தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் அந்த நாட்களில் கடற்காற்று வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். காலை பதினொரு மணிக்கு 78 வயது அம்மாவின் அறையில் ஏசி குளிர்வதை நிறுத்தியது. காற்று வந்தது, குளிர்ச்சி இல்லை. அம்மாவின் முகம் வியர்த்து வெளிறியதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பதற்றத்தில் நான் செய்த தவறுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

வாரண்டி அட்டை அலமாரியில்தான் இருந்தது. அதை எடுக்காமல், ஏசி நிறுவனத்தின் பெயரையும் கஸ்டமர் கேர் என்பதையும் கைப்பேசியில் போட்டுத் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். சட்டையில் நிறுவனத்தின் சின்னம்கூட இருந்தது. அந்த எண் நிறுவனத்தினுடையதே அல்ல என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருவர் பால்கனியில் இருந்த அவுட்டோர் யூனிட்டைத் திறந்தார். மற்றவர் உள்ளே நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். எத்தனை வருட ஏசி, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள், ஹாலில் இருக்கும் ஏசி எப்படி ஓடுகிறது என்று கேள்விமேல் கேள்வி. நான் டீ போட சமையலறைக்குப் போனேன். அப்போது அம்மா படுத்த இடத்திலிருந்தே, "என்னம்மா அது, குக்கர் மாதிரி சீ என்று சத்தம்?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை பாட்டி, உள்ளே இருக்கும் அழுக்கை எடுக்கிறோம்" என்றார் அந்த ஆள். நானும் நம்பினேன்.

டீயோடு வந்தபோது என்னைப் பால்கனிக்கு அழைத்து, கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜைக் காட்டினார்கள். முள் ஏறக்குறைய பூஜ்யத்தில் நின்றது. "கேஸ் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது அக்கா. ஏழு வருடம் ஓடியிருக்கிறது அல்லவா, தீரத்தான் செய்யும். இது ஒன்றரை டன் ஏசி, ஒன்றரை கிலோ போட வேண்டும்" என்றார்கள். கிலோவுக்கு 3,500 ரூபாய் என்று கணக்குப் போட்டு 5,250 ரூபாய். கேஸ் இல்லாமல் ஓடியதால் உள்ளே இருக்கும் மின்னணு போர்டும் போய்விட்டது என்று 4,800. கழுவியதற்கும் கூலிக்கும் 900. மொத்தம் 10,950 ரூபாய். கழற்றிய பழைய போர்டைக் கேட்டேன். நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு தனிநபர் பெயருக்குக் கைப்பேசி வழியாகப் பணம் போனது. கையில் கொடுத்த தாளில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. போகும்போது ஹால் ஏசியிலும் கேஸ் குறைவாகத்தான் இருக்கும், பார்த்துவிடட்டுமா என்றார்கள். அம்மாதான் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

ஏசி குளிர்ந்தது. பன்னிரண்டாவது நாள் மறுபடியும் குளிர்ச்சி குறையத் தொடங்கியது. அந்த எண்ணை அழைத்தால் அணைத்து வைத்திருப்பதாகப் பதில் வந்தது.

இந்தமுறை வாரண்டி அட்டையில் இருந்த எண்ணை அழைத்தேன். மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாவை அந்த மூன்று நாளும் ஹாலில் படுக்க வைத்தோம். வந்த மெக்கானிக் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவுட்டோர் யூனிட்டின் மூடியைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் காட்டியது கெபாசிட்டர். சுற்றியிருந்த எல்லாம் ஏழு வருடத் தூசியோடு இருக்க, அது மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. "குளிர்ச்சி நிற்பதற்கு முன்னால், ம்ம் என்று முனகிவிட்டு டக் என்று சத்தம் வந்ததா?" என்று கேட்டார். வந்தது. இரண்டு நாளாகவே வந்துகொண்டிருந்தது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் பலவீனமானால் அப்படித்தான் முனகி நிற்குமாம். கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும், இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளில் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு அது. கடையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், மாற்றப் பத்து நிமிடம். வந்தவர்கள் அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, பில்லில் அதன் பெயரையே எழுதவில்லை.

அடுத்து செம்புக் குழாய் வந்து சேரும் இடத்தில் உள்ள நட். அதைச் சுற்றி எண்ணெய்க் கறை, நட்டின் முனைகளில் ஸ்பேனர் புதிதாகக் கீறிய தடம். சோப்பு நுரையைத் தடவினார். குமிழ் குமிழாகக் கிளம்பியது. நல்ல நிலையில் இருந்த கேஸை அந்த நட்டைத் தளர்த்தி வெளியேற்றிவிட்டுத்தான் கேஜைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பச் சரியாக முறுக்காமல் போனதால் அவர்கள் போட்டதும் கசிந்துவிட்டது. அம்மாவுக்குக் கேட்ட சீ சத்தம் அதுதான். எங்கள் ஏசியில் இருப்பது ஆர்32. எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடிய வாயு அது. அதைத் திறந்துவிட்ட நேரத்தில், அதே சுவருக்கு இந்தப் பக்கம் அவர்களுக்காக நான் அடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போது இன்னும் உடம்பு பதறுகிறது.

பிறகு உள்ளே இருந்த யூனிட்டைத் திறந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பல்லி புகுந்து போர்டு கெட்டுப்போனபோது அதைச் சரிசெய்தவர் ஓரத்தில் நீல மையால் தேதி எழுதியிருந்தார். அந்தத் தேதி அப்படியே இருந்தது. 4,800 ரூபாய்க்குப் புதிய போர்டு போட்டதாகச் சொன்ன இடத்தில் இருப்பது எங்கள் பழைய போர்டுதான். பையில் போட்டுக்கொண்டு போனது வேறு யார் வீட்டிலோ கழற்றியதாக இருக்க வேண்டும்.

அந்த மெக்கானிக் சொல்லித்தந்த ஒரு விஷயத்தை எல்லா வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏசியில் இருக்கும் கேஸ் வண்டியில் ஊற்றும் பெட்ரோல் அல்ல. ஓட ஓடத் தீராது. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் சுற்றிச் சுற்றி வந்து அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். எங்கே என்று காட்டாமல் கேஸ் மட்டும் போடுகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டை நிஜமாகவே விழுவதும் உண்டு. எங்களைப் போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று, கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலை அரித்துவிடும் என்று அவரே சொன்னார். அப்படியானாலும் சோப்பு நுரை வைத்துக் கசியும் இடத்தைக் காட்டி, அதை அடைத்த பிறகுதான் கேஸ் போட வேண்டும்.

டன் கணக்கும் அப்படித்தான். டன் என்பது குளிர்விக்கும் திறன். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும். ஒன்றரை டன் என்பதால் ஒன்றரை கிலோ கேஸ் என்று ஆகிவிடாது. எந்த கேஸ், எவ்வளவு எடை என்பது அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் ஆர்32, 0.78 கிலோ என்று இருக்கிறது. ஏழு வருடமாக நான் துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. ஒருநாளும் படித்ததில்லை.

அவர் வேலை செய்த முறையையும் சொல்ல வேண்டும். உள்ளே என்ன வாயு போட்டிருக்கிறார்கள் என்று தெரியாததால் மிச்சமிருந்ததை எடுத்துவிட்டார். நட் பொருந்தும் குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்தார். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்பை மாட்டி அரைமணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டார். குழாயில் காற்றும் ஈரமும் தங்கினால் நாளடைவில் கம்ப்ரஸரையே கெடுத்துவிடுமாம். முதலில் வந்தவர்கள் பம்பே கொண்டுவரவில்லை. கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, எண் குறையக் குறைய என்னைப் பார்க்கச் சொல்லி, 780 கிராம் ஏற்றினார். வந்து பார்த்த கட்டணம் உட்பட 3,400 ரூபாய், பில்லோடு. எழுநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மொத்தம் 14,350 ரூபாய் செலவானது.

வாரண்டி அட்டையை அன்று இரவு முதல்முறையாக முழுவதும் படித்தேன். கம்ப்ரஸருக்குப் பத்து வருட உத்தரவாதம் இருக்கிறது. வெளியாட்கள் திறந்தால் அது செல்லாது என்ற வரியும் இருக்கிறது. கம்ப்ரஸர் கெடாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். பணம் இணைய வழியில் போனதால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொன்னேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிர்தரப்பின் முகவரி வேண்டுமே! என்னிடம் இருப்பது முகவரி இல்லாத ஒரு தாளும், ஒரு கைப்பேசி எண்ணும்தான். அதனால்தான் சொல்கிறேன், வேலை தொடங்குவதற்கு முன்பே முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் தருவார்களா என்று கேளுங்கள். இழுத்தால் யூனிட்டைத் திறக்கவே விடாதீர்கள். வீட்டில் வயதானவர் மட்டும் தனியாக இருக்கும் நேரத்தில் வரச்சொல்லவும் வேண்டாம்.

அந்த எண் போலியானது என்று தேடுபொறியிலும் புகார் செய்திருக்கிறேன். இன்று காலை மறுபடியும் தேடிப் பார்த்தேன். அதே எண், அதே நிறுவனப் பெயரோடு, இன்னும் முதலில்தான் நிற்கிறது.