பெயரில் மட்டும் 320: ஹார்ட் டிஸ்க்கில் மொத்தமாகப் பாட்டு வாங்கி ஏமாந்த கதை

கல்யாண ரிசப்ஷன்களுக்கு டிஜே போடும் தம்பிகள் யாராவது ஹார்ட் டிஸ்க்கில் மொத்தமாகப் பாட்டு வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன வைகாசியில் ஒரு டெலிகிராம் குழுவில் விளம்பரம் பார்த்தேன். 25,000 பாட்டு, எல்லாம் 320 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு, எம்பி3யில் இதுதான் உச்சம்), குத்து, மெலடி, ரீமிக்ஸ் என்று பிரித்தே வைத்திருக்கிறோம், விலை 3,500 ரூபாய். முகூர்த்த நேரம், ஒவ்வொன்றாகத் தேட எங்கே பொழுது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஜிபே செய்தேன். கூரியரில் டிஸ்க் வந்தது. நாலு நிமிடப் பாட்டு ஒன்று பத்து எம்பிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 320க்குக் கணக்கு அதுதான். சரி, ஆள் ஏமாற்றவில்லை என்று நம்பிவிட்டேன். வீட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டபோதும் குறை தெரியவில்லை.

மண்டபத்தில் தெரிந்தது. இரண்டாவது பாட்டிலேயே சவுண்ட் சர்வீஸ் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். "என்ன தம்பி, தகர டப்பாவுக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு?" ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் கூடியது. அதைவிடக் கொடுமை, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆட வந்த பாட்டில் பல்லவி முடியும் இடத்தில் வேறு யாரோ ஒரு டிஜே தன் பெயரை எக்கோ போட்டுக் கத்துகிறார்! எனக்குப் பின்னால் என் பெயர் போட்ட பேனர். பெண்ணின் தாய்மாமா, "பேசாம அவரையே கூப்பிட்டிருக்கலாமோ?" என்றார். பேசிய பணத்தில் 2,000 பிடித்துக்கொண்டார்கள். கேட்க வாய் வரவில்லை.

மறுநாள், பாட்டில் எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று வண்ணப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பாட்டுகளை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒழுங்கான 320 எம்பி3யில் வண்ணப் படம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை ஏறும். இவற்றில் பெரும்பாலானவை 16இல் கத்தியால் வெட்டினாற்போல் நின்றன. 128இல் இருந்ததை எடுத்து 320 ஆகத் திரும்பச் சேமித்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய மோர் மாதிரி, அளவு கூடும், போன சத்தம் திரும்பாது. (பழைய டேப் காலத்துப் பாட்டில் மேலே இயல்பாகவே கொஞ்சம்தான் இருக்கும். புதுப் பாட்டை வைத்துச் சோதியுங்கள்.)

விற்றவரைக் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கலாம் என்று நண்பன் சொன்னான். வாங்கியதே திருட்டுச் சரக்கு, எந்த முகத்தோடு அழைப்பது?

இப்போது சினிமாப் பாட்டை ஐடியூன்ஸ் ஸ்டோரில் ஒவ்வொன்றாக வாங்குகிறேன். 256 கேபிபிஎஸ் ஏஏசி (எம்பி3 போல இன்னொரு வடிவம்), காப்பி எடுக்கவிடாத பூட்டு கிடையாது, டிஜே மென்பொருளில் தடையில்லாமல் ஓடுகிறது. மாதச் சந்தாவில் இறக்கும் பாட்டு அப்படியல்ல. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹவுஸ், டெக்னோ மாதிரி மின்னணு நடன இசை வேண்டுமென்றால் பீட்போர்ட் தளம். தனிக் கலைஞர்களின் பாட்டுக்கு பேண்ட்கேம்ப், அங்கே கேட்டுப் பார்த்து வாங்கலாம், எஃப்எல்ஏசி, வேவ் என்று தரம் குறையாத வடிவிலும் இறக்கலாம். 25,000 எல்லாம் இல்லை, என்னிடம் இப்போது 400 சொச்சம்தான். ஒரு ரிசப்ஷனுக்கு அறுபது பாட்டு போட்டாலே அதிகம்.

நேற்று அதே விளம்பரம் வேறொரு குழுவில் வந்தது. அதே டிஸ்க் படம், எண் மட்டும் புதுசு. இப்போது 50,000 பாட்டாம், 2,999 ரூபாயாம்.