கருங்கல் என்றால் எந்தக் கருங்கல்?

திருகோணமலை உப்புவெளியில் மதில் கட்டுவதற்காக ஒரு லோட் கல் பறித்திருந்தோம். மறுநாள் காலையில் மேசன் கல்லுகளைப் பிரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கும் மருமகள் குவியலிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இது கிரனைட்தானே? அப்ப தீப்பாறை." நான், "இல்லைப் பிள்ளை, இது உருமாறிய பாறை" என்றேன். மேசன் நிமிராமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எல்லாம் கருங்கல்தான் தம்பி. உடைஞ்சால் சல்லி, உடையாட்டி அத்திவாரம்."

அன்று முழுக்க மதில் வேலை பார்த்ததைவிடக் கல்லுப் பார்த்ததுதான் கூட.

வரைவிலக்கணம் என்னவோ சின்னதுதான். உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. ஏற்கெனவே இருந்த பாறை ஆழத்தில் புதைந்து, உருகாமல் திண்மமாக இருந்தபடியே வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்றபடி வேறு கனிமங்களாக மாறினால் உருமாறிய பாறை. கல்லைக் கையில் எடுத்ததும்தான் சிக்கல் தொடங்கும். குவாட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் மூன்றும் இருந்தால் கிரனைட் என்று பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அதே மூன்றும் நைஸ் என்கிற உருமாறிய பாறையிலும் இருக்கிறது. அரிசி மாவும் தண்ணீரும்தான் புட்டுக்கும் இடியப்பத்துக்கும். மாவைச் சோதித்து எது எதுவென்று சொல்ல முடியாது, இழையைப் பார்த்தால் சொல்லிவிடலாம். கல்லிலும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட அது எப்படி அடுக்கியிருக்கிறது என்பதுதான் சாட்சி.

கிரனைட்டா, நைஸா?

கிரனைட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே முகம்தான். குழம்பு ஆறும்போது மணிகள் எந்தத் திசைக்கும் கட்டுப்படாமல் வளர்ந்து, ஒன்றின் இடுக்கில் மற்றது புகுந்து பூட்டிக்கொள்கின்றன. முந்தி உறைந்த கனிமத்துக்குத் தன் சொந்த வடிவம் கிடைக்கும். கடைசியாக உறையும் குவாட்ஸுக்குப் பந்திக்குப் பிந்தி வந்தவனின் நிலைமை, மிஞ்சிய இடத்தில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், குழம்பு நிலத்துக்குள் ஆறுதலாக ஆறியிருக்கிறது. மேலே வந்து சட்டென்று ஆறிய எரிமலைக் குழம்பென்றால் பசால்ட் போல மணி தெரியாத, மாவாக அரைத்தது மாதிரியான கல்.

நைஸ் பக்கத்துக்குப் பக்கம் முகம் மாற்றும். ஒரு பக்கத்திலிருந்து நெருக்குதல் வரும்போது மைக்காத் தகடுகள் அதற்குக் குறுக்காகப் படுத்துக்கொள்ளும், வெளிறிய கனிமங்கள் ஒரு வரியாகவும் கறுத்தவை இன்னொரு வரியாகவும் பிரியும். அதனால் வரி ஓடும் தளத்தின் முகத்தைப் பார்த்தால் காக்காப்பொன் மினுக்கம், பக்கவாட்டில் பார்த்தால் கோடு.

மருமகள் ஏமாந்ததும் இதில்தான். அவள் கொண்டுவந்த கல், இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு. அவள் பார்த்த முகத்தில் உப்பும் மிளகும் கலந்து தூவினது போலப் புள்ளிகள்தான் இருந்தன. யாரும் கிரனைட் என்றுதான் சொல்வார்கள். கால்வாசி திருப்பச் சொன்னேன். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் கறுப்புக் கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓடின. நடுவில் கடலை அளவில் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் ஒன்று. கோடுகள் அதை வெட்டிக்கொண்டு போகவில்லை, ஆற்றில் நிற்கும் கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல இரண்டு பக்கமும் வளைந்து போய்த் திரும்பவும் சேர்ந்தன. அப்படியென்றால் கல்லை நெரித்தபோது அந்தக் கார்னெட் அங்கே இருந்திருக்கிறது. கார்னெட் சில கிரனைட்டிலும் வரும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் இந்த வளைவு குழம்பு ஆறிய கதையல்ல.

கிரனைட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. குழம்பு நகர்ந்துகொண்டே உறைந்தால் கிரனைட்டிலும் மணிகள் ஒரு திசைக்கு வரிசை கட்டும். அது லேசான வரிசையாக இருக்கும், கறுப்பு வெள்ளையாகப் பட்டை பிரியாது. இன்னொரு பொறி, உருண்டைப் பாறை. ஊரில் யானை படுத்ததுபோல் ஒரு பாறை கிடந்தாலே கிரனைட் என்று விடுவோம். உருட்டிவிட்டது மழையும் வெயிலும், அவை நைஸையும் அதேபோல் உருட்டும்.

சரி, நைஸ் என்று முடிவானால் அடுத்த கேள்வி, முந்தி அது என்னவாக இருந்தது? கிரனைட்டே நசுங்கி நைஸாகலாம், கடலடிச் சேறும் ஆகலாம். கார்னெட் நிறைய இருந்து, ஊசி ஊசியாக சில்லிமனைட் என்ற கனிமமும், கையில் ஒட்டும் காரீயச் (பென்சிலுக்குள் இருக்கிற கிராபைட்) செதிலும் சேர்ந்திருந்தால் தாய் சேறுதான் என்று துணிந்து சொல்லலாம். அப்படிப்பட்ட கல்லுக்குக் கொண்டலைட் என்று பெயர், ஒடிசாவின் கொண்ட் மக்களிடமிருந்து வந்தது. இலங்கையின் மத்திய உயர்நிலத் தொகுதியில், அதாவது மலைநாட்டிலிருந்து வடகிழக்காக நீண்டு திருகோணமலைக் கடலோரம்வரை வரும் பட்டியில், இது தாராளம். மலைநாட்டுப் பாறையும் நம்முடைய பாறையும் ஒரே தொகுதி என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கல்லும் உண்டு. வெப்பம் ஏறி, நைஸ் கொஞ்சமாக உருகத் தொடங்கி, உருகிய பகுதி வெள்ளை நரம்பாகச் சுருண்டு, அதன் ஓரத்தில் கறுப்புக் கரை கட்டி இறுகிவிட்டால் மிக்மடைட். பாதி உருமாறிய பாறை, பாதி தீப்பாறை. பரீட்சையில் இது வராமல் இருக்கவேண்டும் என்று மருமகள் வேண்டிக்கொண்டாள்.

வெள்ளைக் கல் மூன்று

வெள்ளையாக இருப்பதையெல்லாம் பளிங்கு என்பது நம் வழக்கம். திருகோணமலையில் அந்தச் சொல்லுக்குள் மூன்று கல் ஒளிந்திருக்கும். ஊர்க் குன்றுகளில் வரிசையாக ஓடும் குவாட்சைட், சலவைக்கல், மற்றப் பாறைகளின் வெடிப்புகளில் நிரம்பிய பால்நிறக் குவாட்ஸ். முதல் இரண்டும் உருமாறியவை. மூன்றாவது, பாறை வெடிப்பில் ஓடிய சூடான நீர் கரைத்துக் கொண்டுவந்து விட்டுப்போனது.

சலவைக்கல்லைப் பிரிப்பது லேசு. பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும். குவாட்சைட்டில் கத்திதான் தேயும், கல்லின்மேல் ஈயக்கோடு போட்டதுபோல் உலோகம் படியும். மோவின் கடினத்தன்மை அளவில் சலவைக்கல்லின் கல்சைட் 3, குவாட்ஸ் 7. தேசிக்காய்ச் சாறு விட்டால் பொங்கும் என்று கேள்விப்பட்டு, நான் ஒருமுறை தேசிக்காய் பிழிந்துபார்த்துவிட்டு "இது சலவைக்கல் இல்லை" என்று அடித்துச் சொல்லி மானம் போனேன். இலங்கைச் சலவைக்கல்லில் பெரும்பகுதி டொலமைட் என்ற கனிமம் கலந்தது. அதில் மேலாக விட்டால் ஒன்றும் நடக்காது. கத்தியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளில் விட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லச் சீறும்.

குவாட்சைட்டுக்கும் குவாட்ஸ் நரம்புக்கும் கத்தி உதவாது, இரண்டும் குவாட்ஸ். நரம்பென்றால் மற்றப் பாறையின் வரியை வெட்டிக்கொண்டு போகும், உள்ளே மணியே தெரியாமல் பால் உறைந்ததுபோல் இருக்கும். குவாட்சைட் வரியோடு வரியாக ஓடும், உடைத்தால் சீனி மாதிரி மினுங்கும். அது ஒருகாலத்தில் மணல். மணற்கல்லை உடைத்தால் வெடிப்பு மணிகளைச் சுற்றி ஓடும். குவாட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்டதால் மணிகளை ஊடறுத்து ஓடும். நிலாவெளியில் காலுக்குக் கீழே கிடக்கிற மாதிரி ஒரு மணல், முன்னொரு காலத்துக் கரையிலோ ஆற்றிலோ படிந்தது, 20 கிலோமீற்றருக்கும் கீழே போய் வெந்து திரும்பி வந்து குன்றாக நிற்கிறது.

அனுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பக்கம் போனால் இந்தச் சலவைக்கல் விஷயமே தலைகீழாகும். 1971இல் பொஸ்பேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்ட அந்த இடத்தின் காபனேற்றுப் பாறை (கல்சைட் போன்ற கனிமங்களாலானது) சலவைக்கல்லா, குழம்பாக வந்து உறைந்த காபனடைட் என்னும் தீப்பாறையா என்று ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. காபனடைட் என்பவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. தேசிக்காய் அங்கே பேசாது, இரண்டும் சீறும்.

கறுப்பன்: சார்னோக்கைட்

இனி எனக்குப் பிடித்த கல். குவியலில் கோடில்லாத, கறுப்பென்றும் பச்சையென்றும் சொல்லமுடியாத ஒன்று கிடந்தது. மேசனிடம் கொடுத்து உடைத்துத் தரச் சொன்னேன். வெளித்தோல் மங்கிய தவிட்டு நிறம். உள்ளே நல்லெண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் கரும்பச்சை, நீலம் பாய்ந்த குவாட்ஸ். பெல்ஸ்பார் இப்படிப் பச்சையாக எண்ணெய்ப்பசையுடன் தெரிந்தால் சார்னோக்கைட் என்று சந்தேகிக்கலாம். இதனால்தான் உடைந்த புதுமுகத்தைப் பார்க்காமல் கல்லுக்குப் பெயர் வைக்காதே என்கிறார்கள். வெயில் பட்ட தோல் எல்லாக் கல்லையும் ஒரே நிறமாக்கிவிடும்.

இந்தப் பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் சமாதிக் கல்லை ஆராய்ந்து தொமஸ் ஹொலண்ட் 1893இல் பெயர் வைத்தார். கல் அங்குள்ளதல்ல, சென்னைப் பக்கத்துக் கல். பல்லாவரத்துப் பாறையின் உறவு. ஹொலண்ட் இதைத் தீப்பாறை என்றே நம்பினார். அவர் பக்கம் நல்ல ஆதாரம் இருந்தது. கிரனைட் போலவே பூட்டிய மணிகள், பெரும்பாலும் வரியில்லை, கிரனைட்டின் சேர்மானம். வித்தியாசம், மைக்கா இருக்கவேண்டிய இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற நீர் இல்லாத கனிமம்.

மற்றப் பக்கத்துக்கு, அதாவது உருமாறிய பாறை என்பவர்களுக்கு, குருநாகல் சாட்சி சொன்னது. அங்கே ஒரே பாறைமுகத்தில் வெளிறிய வரி நைஸ், அதன் நடுவே வெடிப்புகளை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டுக்கள். நைஸின் வரி திட்டுக்குள் போய் மெல்ல மங்கி மறைகிறது. குழம்பு புகுந்திருந்தால் எல்லை கத்தியால் வெட்டினதுபோல் இருக்கவேண்டும். இங்கே நைஸ் இருந்த இடத்திலேயே, நீர் குறைந்து காபனீரொட்சைட்டு மிகுந்த பாய்மம் ஊடுருவியோ வேறு வழியாகவோ, உலர்ந்து சார்னோக்கைட்டாகியிருக்கிறது. வெப்பம் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரையானது.

ஆக யார் சரி? என் எண்ணம், இருவரும். சில சார்னோக்கைட் குழம்பாக வந்தது, சில இருந்த இடத்தில் மாறியது. தனியாக ஒரு துண்டைக் கையில் தந்தால் நான் எதுவும் சொல்லமாட்டேன். ஓரம் எங்கே, பக்கத்துப் பாறையை எப்படித் தொடுகிறது என்று பார்த்தபின்தான். லொறியில் வந்த கல்லில் அந்த ஓரம் இல்லை, அதுதான் கவலை.

ஆழத்துச் சமையல் எப்போது நடந்தது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை. 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் நம்மோடு ஒட்டி, கொண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாகச் சேர்ந்த காலம். வயதைச் சொல்வது சேர்க்கன் என்ற கனிமத்தின் மணி. புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைற்றோடும் ரூட்டைலோடும் சேர்ந்து கிடக்கிறதே, அதே சேர்க்கன். குழம்பில் வளர்ந்த சேர்க்கனை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மரவட்டம் போல ஒழுங்கான வளையங்கள். உருமாற்றத்தில் அதன்மேல் புதிதாக ஒரு தோல் வளரும். ஒரு மணியிலேயே இரண்டு வயது.

இந்தக் கல்லுகளை முறையாகப் பதிந்தவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவராகத்தான் நமக்குத் தெரியும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவையின் பணிப்பாளராக இருந்தார், தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டெடுத்தவரும் அவர்தான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் மருமகள் கேட்டாள். வெந்நீர் இருந்தால் எரிமலை இருக்கவேண்டும், அப்ப தீப்பாறை இருக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தின கதைக்கு நான் எதிரியல்ல, எரிமலைக் கதைக்குத்தான். எரிமலைக் கல்லென்றால் வாயுக்குமிழித் துளைகளும் மணி தெரியாத கறுப்பும் வேண்டும், சுற்றவர அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கிலோமீற்றர் இறங்க ஏறத்தாழ 25 பாகை சூடேறும். மழைநீர் வெடிப்பு வழியே ஆழப் போய்ச் சூடாகி ஏறினால் போதும்.

கைபேசியால் படமெடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்றையும் அவள் வைத்திருந்தாள். ஒரே நைஸை மூன்று பக்கம் படமெடுத்தோம், மூன்று பெயர் வந்தது. பத்து மடங்கு உருப்பெருக்கும் சின்ன வில்லையும் பேனாக்கத்தியும் அதைவிட மேல். சுத்தியலைக் கோணேசர் மலைக்குக் கொண்டுபோகவேண்டாம், புறாத்தீவுக்கும் வேண்டாம், அது தேசியப் பூங்கா. கோட்டைக்குள் மான்களைத் தாண்டி ஏறும் வழியில் கண்ணால் பார்க்கவே போதுமான பாறை இருக்கிறது.

பின்னேரம் மருமகள் அந்த முதல் கல்லைத் தேடினாள், படம் வரையவாம். மேசன் அதை ஏற்கெனவே மூலையில் வைத்துச் சாந்தும் போட்டுவிட்டார். குனிந்து பார்த்தோம். கறுப்புக் கோடுகள் நிலத்துக்குச் சமாந்தரமாக, மட்டம் பிடித்ததுபோல் கிடந்தன. எல்லாம் கருங்கல்தான் என்றவரிடம், ஏன் இப்படிப் படுக்கவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வரியை நிமித்தி வைச்சால் பாரத்துக்குப் பிளக்கும் தம்பி," என்றார். "அந்தக் கறுப்பனை எப்பிடியும் வைக்கலாம்."